வேலையிழந்தோரை உடைமையாளராக்கிய ஏ. கே. கோபாலன்

கேரளத்திற்குச் சென்று வரும் நம்மவருள் பலர் இந்தியன் காபி ஹவுசில் ஒரு வேளையேனும் அமர்ந்திருப்பர். வெள்ளுடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்த பணியாளர் காபியைக் கொணர்ந்து வைப்பார். அந்நிறுவனத்திற்குத் தனி முதலாளி இல்லை. பணியாளரின் கூட்டுறவுச் சங்கமே அதன் உடைமையாளர் என்பதை அறிந்தோர் சிலரே. இந்த ஏற்பாட்டிற்கு வித்திட்டவர் ஏ.கே.ஜி. என மக்கள் அழைத்த ஏ. கே. கோபாலன்.

1904-ஆம் ஆண்டு வடமலபாரில் பிறந்த அவர், ஆசிரியப் பணியை உதறி விடுதலைப் போரில் இறங்கினார். குருவாயூர் ஆலய நுழைவுப் போராட்டத்தில் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கி அடியுண்டார். 1936-இல் வேலையற்றோர் சிலரை அழைத்துக்கொண்டு கண்ணூரிலிருந்து சென்னை வரை கால்நடையாகவே பட்டினிப் பயணம் நடத்தினார். வேலையில்லாதவனின் பசியை ஏட்டில் படித்தவரல்லர் அவர், அதனோடு நடந்தவர். பிற்காலத்தில் அவர் செய்தவற்றை விளங்கிக்கொள்ள இந்நடையே போதுமென நாம் கருதுகிறோம்.

காபி வாரியம் நாடெங்கும் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950-களின் நடுவில் மூடத் தலைப்பட்டது. தட்டு ஏந்துவோரும் சமையலறையில் வேகுவோரும் தெருவில் நிற்கும் நிலை வந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் இத்தருணத்தில் செய்யக்கூடியது என்ன? வேலைநிறுத்தம் அறிவிக்கலாம், இழப்பீடு கேட்கலாம். மூடப்படும் கடைக்கு வேலைநிறுத்தத்தால் என்ன அச்சம்? இழப்பீட்டுப் பணம் எத்தனை மாதம் அடுப்பெரிக்கும்? ஆகவே, கடைகளை நீங்களே ஏற்று நடத்துங்கள் என்று தொழிலாளரிடம் கூறினார் கோபாலன். பணிந்தே பழகியவர்க்கு இது எளிதில் செரிக்கும் அறிவுரையன்று. கணக்கெழுதுவதும் கடன் பெறுவதும், உடன் உழைப்பவனையே கண்டிப்பதும் இனி அவர்கள் பொறுப்பல்லவா?

1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதற் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபரில் தில்லியில் தொழிலாளரின் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதற் கடை எழுந்தது. கல்கத்தாக் கல்லூரித் தெருவின் காபி ஹவுசும் இவ்வாறே தொழிலாளர் கைக்கு வந்தது; அதற்காகப் பேராசிரியர்களும் குரல் கொடுத்தனர் என்பதை நம் கல்லூரி மாணவர் நினைவிற்கொள்வது நன்று.

நெல்லைச் சீமையின் வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றும் தாய்மாரை நாம் அறிவோம். அத்தொழிலாளர்க்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென நாடாளுமன்றத்தில் வாதாடியவருள் கோபாலன் முன்னின்றார். 1966-இல் சட்டம் பிறந்தது. கேரளம் அதனைச் செயற்படுத்த முற்பட்டபோது, 1968-இல் பெருமுதலாளிகள் சிலர் கண்ணூர்ப் பகுதியில் தம் நிலையங்களை மூடினர். ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தனர். காபித் தொழிலாளர் காட்டிய வழி இங்கும் கைகொடுத்தது. மாநில அரசின் கடனுதவியோடு 1969 பிப்ரவரியில் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிற்று; 1980-களில் 40,000-க்கும் மேற்பட்டோர்க்கு அது வாழ்வளித்தது. வேலைக் கூடத்தில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே இலை சுற்றினர் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

புகைப்போர் குறையவே பீடியும் தேய்ந்தது. சங்கம் உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை என வேறு தொழில்களை நாடியது. ஆயினும் பழைய தொகையினர்க்கு அதனால் வேலையளிக்க இயலவில்லை. காபி ஹவுஸ்களிலும் சில நகரங்களில் மூடப்பட்டவை உண்டு. இக்குறையையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் திருச்சூர், கண்ணூர்ச் சங்கங்களின் அடுப்புகள் அணையவில்லை.

கோபாலன் 1977 மார்ச் 22 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். கேரளத்துக் காபி ஹவுஸ் பலவற்றின் சுவரில் அவர் படத்தை இன்றும் காணலாம்.