கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கிய மேரி ஷார்லீப்

சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். வேலைக்காகச் சென்னையிலிருந்து கங்கைகொண்டானுக்கு வந்து நம் குடியிருப்பில் இருப்பவர்களில் சிலர் அங்கே பிறந்தவர்களாகக்கூட இருக்கலாம். அதைத் தொடங்கிய டாக்டர் மேரி ஷார்லீப், முதலில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டு, அதன் பிறகே டாக்டர் ஆனவர்.

1845-இல் லண்டனில் பிறந்தார். வக்கீல் வில்லியம் ஷார்லீபை மணந்து 1866-இல் மதராஸுக்கு வந்தார். கணவரின் சட்ட வேலைகளில் உதவிக்கொண்டிருந்தபோதுதான் இங்குள்ள பெண்கள் பேறுகாலத்தில் படும் பாடு அவர் காதுக்கு வந்தது. கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களும், மேல்சாதி இந்துக் குடும்பத்துப் பெண்களும் ஆண் டாக்டர் முன் வரமாட்டார்கள். டாக்டர்களோ எல்லாரும் ஆண்கள்.

அந்த வீடுகளுக்கு இருந்த ஒரே துணை மருத்துவச்சி. இன்று மருத்துவச்சிகளை எளிதாகக் குறை சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை என்பது என் எண்ணம். நம் பாட்டிமார் பலர் பெற்றதெல்லாம் அவர்கள் கையில்தானே? சாதாரணப் பிரசவம் அவர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தாலோ, பிறந்தபின் உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ அவர்களிடம் மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. அழைத்துப்போக இடமும் இல்லை.

மூன்று பிள்ளைகளுக்குத் தாயான மேரி, எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் ஓராண்டு மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். அது போதாது என்பது அங்கேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

இடையில் ஒரு வார்த்தை. வீடு வீடாக வரும் கிராம சுகாதார செவிலியரும் பேறுகாலப் பயிற்சி பெற்றவர்தான். கர்ப்பத்தைப் பதிவு செய்வது, ரத்த அழுத்தம், ரத்தசோகை பார்ப்பது, சிக்கல் தெரிந்தால் முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் அவர் வேலை. சாமான் விற்க வந்தவர் போல அவரைக் கேட்டில் நிறுத்தி வைக்க வேண்டாம். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பலாம்.

அப்போதைய சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபரின் ஆதரவில், 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி அவர்களில் ஒருவர். 1878-இல் படிப்பை முடித்து லண்டன் போனார். 1882-இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவத்தில் தங்கப்பதக்கமும் கிடைத்தது. பெண்கள் டாக்டராவதை விரும்பாதவர் என்று பெயரெடுத்த விக்டோரியா ராணியே அவரை அழைத்து இந்தியப் பெண்களின் நிலையைக் கேட்டறிந்தார்.

1883-இல் மதராஸ் திரும்பினார். 1885-இல் ராணியின் பெயரிலேயே கோஷா பெண்களுக்கான ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்த்தார்கள். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். வேலைப்பளுவும் வெயிலும் உடம்பைக் கெடுத்ததால் 1887-இல் அவர் லண்டனுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே பெண்நோய் அறுவை சிகிச்சையில் பெயர் பெற்று, 1930-இல் காலமானார்.

அவர் இங்கே ஆஸ்பத்திரியை நடத்தியது இரண்டே ஆண்டுகள். அங்கே இன்றும் பிரசவம் நடக்கிறது.