கைமாறிய புத்தகம்... மாறிய வாழ்க்கை!

நல்லதா ஒண்ணு பார்த்தா, உடனே நண்பருக்கு ஃபார்வர்டு பண்ணுவீங்கதானே? அப்படிக் கைமாறி வந்த புத்தகங்கள்தான் ஒரு திருத்தணிக்காரரின் வாழ்க்கையையே திசைதிருப்பின.

1888-ல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுக்குப் படிப்பு நகர்ந்ததே உதவித்தொகையில்தான். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர், தன் தத்துவப் பாடப் புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம்! அதனால் அவரும் அங்கே தத்துவமே எடுத்தார். 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், 1962-ல் குடியரசுத் தலைவர். அவர் பிறந்த செப்டம்பர் 5-ஐத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுறோம்.

கொடுத்தவருக்கு அது படிச்சு முடிச்ச புத்தகம், அவ்வளவுதான். உங்க அலமாரியிலும் அப்படி ஏதாவது தூங்குதா? இந்த வாரம் அதை யாருக்குக் கொடுக்கப்போறீங்க?