கட்சியை எதிர்த்து நின்ற சீமாட்டி

சொந்தக் கட்சி செய்வது தப்பு என்று தெரிந்தால் நம்மில் எத்தனை பேர் பதவியைத் தூக்கி எறிவோம்? 1938-ல் ஸ்காட்லாந்தில் ஒரு சீமாட்டி எறிந்தார். அவர்தான் அதோல் பிரபுவின் மனைவி காதரின்.

1874-ல் பிறந்தவர். சரித்திர ஆசிரியரின் மகள். லண்டனில் முறைப்படி சங்கீதம் படித்தவர். 1899-ல் அதோல் பிரபு வம்சத்தில் வாழ்க்கைப்பட்டார். பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று ஒரு காலத்தில் மேடையேறிப் பேசிய இந்த அம்மையாரே, 1923-ல் கின்ராஸ் - மேற்கு பெர்த்ஷயர் தொகுதியில் ஜெயித்து, ஸ்காட்லாந்தின் முதல் பெண் எம்.பி. ஆனது வேடிக்கை! அடுத்த ஆண்டே கல்வி இலாகாவில் உதவி மந்திரி. கன்சர்வேடிவ் கட்சியில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் மந்திரி ஆனதில்லை.

நம் நாட்டுக்கு அவர் நண்பர் அல்ல. 1935-ம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்தை, இந்தியருக்கு அவ்வளவு அதிகாரம் ஆகாது என்று சர்ச்சிலோடு சேர்ந்து எதிர்த்தார். அந்தச் சட்டப்படிதான் 1937-ல் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை அமைந்தது. இதை மறைத்து அவரைப் புகழ்வது நியாயம் ஆகாது.

ஆனால் ஹிட்லர் விஷயத்தில் அம்மையார் ஏமாறவில்லை. ஹிட்லரின் புத்தகத்தை ஜெர்மன் மூலத்திலேயே படித்தார். இங்கிலீஷ் பதிப்பில் காரமான பகுதிகள் விடுபட்டிருப்பதைக் கண்டு பலருக்கும் எச்சரிக்கை செய்தார். 1937-ல் ஸ்பெயினுக்கே போய், குண்டு வீச்சில் சிதைந்த ஊர்களைப் பார்த்தார். பாஸ்க் பகுதிக் குழந்தைகள் சுமார் 4,000 பேரைக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுவர முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். ஸ்பெயினைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் லட்சத்துக்கு மேல் விற்றது. அரண்மனைவாசிக்கு சிவப்பு சீமாட்டி என்று பட்டப்பெயரும் கிடைத்தது.

1938 செப்டம்பரில் பிரதமர் சேம்பர்லின் மியூனிக்கில் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்தார். யுத்தம் தவிர்ந்தது என்று ஊரே கொண்டாடியது. அம்மையார் கண்டித்தார். தொகுதிக் கட்சிக்காரர்கள் ஸ்நாடன் என்ற விவசாயியை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மையார் எம்.பி. பதவியை ராஜினாமா செய்து சுயேச்சையாக நின்றார்.

மலையும் பண்ணையும் சிதறிய கிராமங்களுமான தொகுதி அது. சேம்பர்லினை ஆதரிக்க கட்சி எம்.பி.க்கள் பலர் வந்து இறங்கினார்கள். சர்ச்சில் அம்மையாருக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினாரே தவிர, நேரில் வந்து ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. அவருக்கும் கட்சி பயம் இருந்திருக்கும். லிபரல் வேட்பாளர் விலகிக்கொள்ள, நேருக்கு நேர் போட்டி.

டிசம்பர் 21-ந் தேதி ஓட்டுப் பதிவு. அன்று கடும் பனி. கார் வைத்திருந்தவர்களுக்குப் பரவாயில்லை. மலைப்பாதையில் நடந்து வர வேண்டியவர் பாடுதான் திண்டாட்டம். ஸ்நாடனுக்கு 11,808, அம்மையாருக்கு 10,495. வித்தியாசம் 1,313. மறுபக்கம் போட்டவர்களில் 657 பேர் மனம் மாறியிருந்தால் ஜெயித்திருப்பார்!

மூன்று மாதம்கூட முடியவில்லை. 1939 மார்ச்சில் ஹிட்லர் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. செப்டம்பரில் யுத்தம் வந்தது. அம்மையார் சொன்னது பலித்தது. ஆனால் பார்லிமெண்ட் கதவு அவருக்கு மறுபடி திறக்கவில்லை. அகதிகளுக்கு உதவுவதில் காலத்தைக் கழித்து, 1960-ல் தமது 85-வது வயதில் காலமானார்.