கிந்தனை ரயிலேற்றிய கலைவாணர்

என்.எஸ்.கிருஷ்ணன் என்றதும் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். மாணவர்களுக்குச் சென்னையிலுள்ள கலைவாணர் அரங்கம் நினைவுக்கு வரலாம். நடிகர், பாடகர், பிறகு இயக்குநர். அவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் அல்ல. அப்படியிருந்தும் இந்தப் பத்தியில் அவரைப் பற்றி எழுதுகிறோம் என்றால், அதற்குக் காரணம் கிந்தனார்.

1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாய் இசக்கியம்மாள். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நம் செங்கோட்டையும் அதே சமஸ்தானம்தான். கிருஷ்ணன் சிறுவனாக இருந்த காலத்தில் அங்கே ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி போராடிக்கொண்டிருந்தார். ஊரூட்டம்பலம் பள்ளிக்கு ஒரு சிறுமியை அவர் அழைத்துப்போனதற்காக அந்தப் பள்ளியையே கொளுத்திவிட்டார்கள். கிருஷ்ணனின் படிப்பும் பாதியில் நின்றது, ஆனால் வறுமையால். வறுமையால் நின்ற படிப்பு வேறு, வாசலிலேயே மறுக்கப்பட்ட படிப்பு வேறு. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்குக் கிந்தனாரே சாட்சி.

டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். வில்லுப்பாட்டு அவருக்குச் சிறுவயதிலேயே ஒட்டிக்கொண்டது. நம் ஊர்க் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு அதன் வலு தெரியும். அருந்ததியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்த பிராமணன் முத்துப்பட்டன் கதையை விடிய விடியப் பாடுகிற கலை அது. சாதியைப் பற்றிப் பேசப் பயப்படாத அந்த வில்லின் பிள்ளைதான் கிருஷ்ணன்.

பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு. 1935இல் வெளிவந்த மேனகாதான் திரையில் அவர் முதலில் தோன்றிய படம். அதை இயக்கிய ராஜா சாண்டோவும் நடிகராக இருந்து இயக்குநர் ஆனவரே. அடுத்த ஆண்டுகளில் டி.ஏ.மதுரத்தோடு சேர்ந்து நடித்தார், அவரையே மணந்தார். இவர்கள் இருவர் இல்லாமல் படம் விற்காது என்ற நிலை வந்தது.

1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கைதானார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலையானார். வெளியே நின்று வழக்கையும் நாடகக் குழுவையும் தாங்கியவர் மதுரம். பாகவதரின் புகழ் சிறையோடு மங்கிப்போனது. கிருஷ்ணன் முன்னைவிடத் துணிச்சலாகப் பேசத் தொடங்கினார்.

1949இல் நல்லதம்பி வந்தது. கதை வசனம் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. அதில்தான் கிந்தனார் காலட்சேபம் இடம்பெற்றது. பாட்டு உடுமலை நாராயணகவி. மேடைகளிலும் கிருஷ்ணன் அதை நடத்தினார்.

கிந்தனைப் புரிந்துகொள்ள நந்தனைத் தெரிந்திருக்க வேண்டும். ஆதனூர்ச் சேரியில் பிறந்த நந்தன் தில்லை நடராசரைப் பார்க்க ஆசைப்படுகிறான். கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தனார் சரித்திரத்தில், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் பண்ணையார். கடவுள் உதவியால் ஒரே இரவில் அது முடிகிறது. தில்லைக்குப் போன பிறகும் அவன் நெருப்பில் இறங்கி வந்த பின்புதான் உள்ளே அனுமதி. இந்தக் கதையைக் கேட்டுத் தமிழ்நாடே உருகியது. 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்தார்கள். உருகியவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்ச் சேரியைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

கிருஷ்ணன் அதே காலட்சேப வடிவத்தை எடுத்துக்கொண்டார். பாகவதர்கள் புராணம் சொல்லும் அதே பாணி. ஆனால் அவருடைய கிந்தன் கோயிலுக்குப் போக ஆசைப்படவில்லை, படிக்க ஆசைப்பட்டான். ரயிலேறிப் பட்டணம் போகிறான், படிக்கிறான், கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான். நந்தனுக்குச் சிவன் வழிவிட்டார் என்றால் கிந்தனுக்குப் பள்ளிக்கூடம் வழிவிட்டது. அவன் நெருப்பில் இறங்க வேண்டியிருக்கவில்லை. இறந்தபின் கிடைக்கும் முக்தியும் கதையில் இல்லை. உயிரோடு, உத்தியோகத்தோடு, தன் ஊருக்கே திரும்பி வருகிறான்.

நடுவில் வரும் ரயில் பாட்டு தனிச் சுவை. எல்லாச் சாதியாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டியை அவர் கொண்டாடுகிறார். நம் பக்கம் மலையைக் குடைந்து செங்கோட்டை - கொல்லம் பாதை 1904இலேயே திறந்துவிட்டது. ஆக, பாட்டு வருவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் அந்தப் பெட்டியில் ஏறிவிட்டார்கள். இறங்கிய ஊரில் தேநீர்க் கடையின் தனிக் குவளை காத்திருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரயில் சாதியை ஒழித்துவிட்டதாக நாம் நம்பவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கியவனை எழுந்திரு என்று சொல்ல முடியாத ஓர் இடம் உண்டு என்பதைச் சிரிக்கச் சிரிக்க ஊருக்கெல்லாம் சொன்னது அந்தப் பாட்டு. நாடு அரசியல் சட்டத்தை எழுதி முடிக்காத நேரத்தில் வந்த படம் அது.

இயக்குநராக அவர் எடுத்த படங்களில் இரண்டு முக்கியமானவை. 1951இல் மணமகள், பத்மினி கதாநாயகி. 1952 டிசம்பரில் பணம். பராசக்தியில் அறிமுகமான சிவாஜி கணேசனுக்கு இது அடுத்த படம். விசுவநாதன் - ராமமூர்த்தி இரட்டையராக இசையமைத்ததும் இதில்தான். இரண்டுக்கும் எழுதியவர் மு.கருணாநிதி. வரதட்சணையைச் சாடினார், பெண்கள் படும் பாட்டைச் சொன்னார். ஆனால் இயக்கும் வாய்ப்பு தன் கைக்கு வந்தபோது கிந்தனை அவர் ஒரு முழுப் படமாக எடுக்கவில்லை. காலட்சேபத்தில் சில நிமிடம் வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். அது நமக்குக் குறையாகவே படுகிறது. கிந்தனின் கதையைக் கிந்தனே சொல்லும் படங்களுக்குத் தமிழ்நாடு இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சம்பாதித்ததைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். கடைசியில் கையில் மிஞ்சியது கொஞ்சமே. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, 49 வயது நிறையும் முன்பே கலைவாணர் காலமானார். 1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை முதல்வர் அண்ணா திறந்துவைத்தார். உடல்நலம் குன்றியிருந்த அண்ணா அடுத்த மாதமே மறைந்தார்.

கிந்தனார் காலட்சேபத்தை இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம். பள்ளி ஆண்டு விழாவுக்கு என்ன நாடகம் போடுவது என்று தேடும் மாணவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். ஒரு பாகவதர், நாலு பின்பாட்டுக்காரர்கள் இருந்தால் போதும், மேடையில் ஏற்றிவிடலாம்.