விடை காணா வினா

தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. ஒத்துழையாமை இயக்கத்திற்காகப் பள்ளிப் படிப்பைத் துறந்து, ஓராண்டு சிறையும் சென்றார். பின்னர்த் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் இதழியல் பயின்றார். கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டின் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜிக்குத் துணையாக, மதுவிலக்கை வலியுறுத்திய ‘விமோசனம்’ இதழில் உழைத்தார். ‘ஆனந்த விகட’னில் கல்கியாகப் புகழ் பெற்று, 1941இல் தம் புனைபெயரிலேயே வார இதழ் தொடங்கினார்.

வார இதழில் கதை எழுதுவோர்க்கு ஓர் இடர் உண்டு. ஏழு நாள் கழித்தும் வாசகர் அதே ஆவலுடன் திரும்பி வர வேண்டும். ‘பார்த்திபன் கனவி’ல் கல்கி அதற்குக் கண்ட வழி, சிவனடியார் யார் என்னும் ஒற்றை வினா. அதற்கு விடை அவரிடம் இருந்தது. உரிய நேரத்தில் வெளிப்படுத்தினார்.

1950 அக்டோபரில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில் நிலைமை வேறு. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது வரலாறு. உடையார்குடிக் கல்வெட்டு, இரவிதாசன் முதலானோரைக் கொலைக் குற்றவாளிகளாகக் குறிக்கிறது. ஆனால் அது இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. இடையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் உத்தம சோழன் ஆண்டான். கொலைக்குத் தூண்டுதல் யாது? பின்னணியில் வேறு எவரேனும் இருந்தனரா? கல்வெட்டு மௌனம் காக்கிறது. ஆய்வாளர் கருத்துகளோ மாறுபடுகின்றன.

அந்த மௌனத்தையே கல்கி கதையின் அச்சாணியாக்கினார். வானில் வால்நட்சத்திரம், திருப்புறம்பயம் பள்ளிப்படையில் நள்ளிரவுச் சதி. ஆபத்து வருவதைத் தொடக்கத்திலேயே வாசகர் அறிந்துவிடுகிறார், இளவரசன்தான் அறியவில்லை. மூன்றாம் பாகத்திற்குக் ‘கொலை வாள்’ என்றே பெயர். எனினும் கொலை நிகழ்வதோ இறுதிப் பாகத்தில்தான்! கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. இருளில் நந்தினி, வந்தியத்தேவன், சதிகாரர், மறைந்து நின்ற பெரிய பழுவேட்டரையர். பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. பழுவேட்டரையர் குற்றத்தைத் தாமே ஏற்கிறார். ஆயினும் உயிர் குடித்த கை எது என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் கதை உரைப்பதில்லை.

மூன்றரை ஆண்டு காத்திருந்தோர்க்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். இதனை நழுவல் எனக் கொள்வது பொருந்தாது. ஒருவனைச் சுட்டிக் காட்டியிருந்தால் கதை எளிதில் முடிந்திருக்கும். வரலாறு அறியாத ஒன்றை அறிந்ததாகவும் ஆகியிருக்கும். கதை 1954 மே மாதம் நிறைவுற்றபோது எழுந்த வாசகர் வினாக்களுக்கு முடிவுரை எழுதி, மாந்தர் பலரின் பிற்கால வாழ்வை விளக்கினார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். கரிகாலனைக் கொன்றவர் யார் என்று வாசகர் இன்றும் வாதிடுகின்றனர்.