லெயோப்போல்ட் செடார் செங்கோர்

லெயோப்போல்ட் செடார் செங்கோர் (அக்டோபர் 9, 1906 – டிசம்பர் 20, 2001) மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் முதல் குடியரசுத் தலைவர், பிரெஞ்சு மொழிக் கவிஞர், இலக்கண அறிஞர் ஆவார். ஆப்பிரிக்க மொழிகளைப் பல்கலைக்கழக நிலையில் கற்றும் கற்பித்தும் வந்த இவர், திராவிட மொழிகளையும் ஆப்பிரிக்க மொழிகளையும் ஒப்பிட்டு ஆராய்வதற்கு டக்கார் பல்கலைக்கழகத்தில் வழிவகுத்தார். இதனால் தமிழ் ஆய்வுலகிலும் இவர் பெயர் அறியப்பட்டுள்ளது.

இளமையும் கல்வியும்

செங்கோர் செனகலின் கடற்கரை ஊரான சோவாலில் செரெர் இனக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வசதி படைத்த வணிகர். கத்தோலிக்க மறைப்பணிப் பள்ளியில் பயின்ற பின், 1928இல் உதவித்தொகை பெற்றுப் பாரிசு சென்றார். அங்கு லூயி லெ கிராண்ட் பள்ளியில், பின்னாளில் பிரான்சின் அதிபரான சார்ச் பொம்பிடு இவருடைய உடன்பயின்ற நண்பராக இருந்தார். மார்த்தினிக் தீவைச் சேர்ந்த எமே செசேருடன் இணைந்து, கறுப்பின மக்களின் பண்பாட்டுப் பெருமையை வலியுறுத்திய நெக்ரிட்டியூட் இயக்கத்தை 1930களில் வளர்த்தார். 1935இல் பிரெஞ்சு இலக்கணத்திற்கான அக்ரெகாசியோன் என்னும் உயர் ஆசிரியத் தகுதித் தேர்வில் வென்றார். இத்தேர்வில் வென்ற முதல் ஆப்பிரிக்கர் இவரே.

ஆப்பிரிக்க மொழியியல்

தூர் நகரிலும் பின்னர்ப் பாரிசுக்கு அருகிலும் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், செங்கோர் ஆப்பிரிக்க மொழிகளை முறையாகக் கற்றார். உயர்கல்விக்கான நடைமுறைப் பள்ளியில் லிலியாசு ஓம்பர்கர் இவருடைய ஆசிரியர். செனகல் பகுதி மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டு என்ற கருத்தை முன்வைத்தவர் ஓம்பர்கர். செங்கோரின் திராவிட ஆர்வத்திற்கு இதுவே தொடக்கமாகும்.

இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் இருந்த செங்கோர் 1940இல் செருமானியரிடம் சிறைப்பட்டு, 1942இல் விடுதலையானார். அதன்பின் வொலோஃப் மொழியின் பெயர்ச்சொல் வகுப்புகள் குறித்து 1943இலும், செரெர் மொழியின் உயிரொலி இயைபு குறித்து 1944இலும் ஆய்வுக்கட்டுரைகளை வெளியிட்டார். 1944இல் கடல்கடந்த பிரான்சிற்கான தேசியப் பள்ளியில் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் பண்பாட்டிற்கும் பேராசிரியரானார். குடியேற்ற நாடுகளின் நிர்வாகிகளைப் பயிற்றுவித்த நிறுவனம் அது. ஆளவரும் அதிகாரிகளுக்கு, ஆளப்படும் மக்களின் மொழியை அம்மக்களில் ஒருவரே கற்பிக்கும் நிலை அங்கு உருவாயிற்று.

1945இல் செரெர் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டுவதற்காகச் செனகல் திரும்பினார். அப்பயணத்தின்போது தேர்தலில் நிற்குமாறு அழைக்கப்பட்டு, பிரெஞ்சு அரசியலமைப்பு அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு முற்றுப்பெறவில்லை.

அரசியல் வாழ்க்கை

1959 வரை செங்கோர் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் செனகலின் உறுப்பினராக இருந்தார். அக்காலத்தில் புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகளும் அந்த அவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. 1951இல் அவ்வாறு தேர்வானவர் எதுவார் குபேர். இவர் 1954இல் இந்திய இணைப்பை ஆதரித்து, பின்னர்ப் புதுச்சேரியின் முதலமைச்சரானார். மக்கள் பெரிய மார்க்கெட் என்று அழைக்கும் புதுச்சேரி நகரின் முதன்மைச் சந்தை இவர் பெயரையே தாங்கியுள்ளது.

1960இல் செனகல் விடுதலை பெற்றபோது செங்கோர் குடியரசுத் தலைவரானார். 1962இல் பிரதமர் மமது தியாவுடன் ஏற்பட்ட மோதலில் தியா கைது செய்யப்பட்டுப் பல்லாண்டுகள் சிறையில் இருந்தார். செங்கோர் ஆட்சியின் பெரும் கறையாக இது கருதப்படுகிறது. 1980ஆம் ஆண்டின் இறுதியில் தாமாகவே பதவி விலகி, அப்து தியூஃபிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

மொழிக் கொள்கை

1971இல் வொலோஃப், செரெர் உள்ளிட்ட ஆறு தேசிய மொழிகளுக்கு இலத்தீன் எழுத்து முறை அரசாணை மூலம் வரையறுக்கப்பட்டது. ஆயினும் ஆட்சிமொழியாகப் பிரெஞ்சே நீடித்தது. எழுத்துக்கூட்டலில் செங்கோர் மிகக் கண்டிப்பானவர். ஊசுமான் செம்பேன் இயக்கிய செத்தோ திரைப்படத்தின் தலைப்பில் ஓர் எழுத்து இரட்டித்து வருவதைக் காரணம் காட்டி, அப்படம் செனகலில் தடை செய்யப்பட்டது. சமயமும் அரசியலும் சார்ந்த அதன் உள்ளடக்கமே உண்மைக் காரணம் என்று பலர் கருதினர். வரலாற்றறிஞர் சேக் அன்ட்டா தியோப் செங்கோரின் அரசியல் எதிராளி. செங்கோர் பதவி விலகிய பின்னரே, 1981இல், அவர் டக்கார் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அப்பல்கலைக்கழகம் 1987 முதல் தியோப்பின் பெயரையே தாங்கி நிற்பது குறிப்பிடத்தக்கது.

தமிழும் செங்கோரும்

1974இல் இந்தியா வந்த செங்கோர், டக்காரில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுத் துறை தேவைப்படுவதன் காரணத்தைச் சென்னையில் விளக்கி உரையாற்றினார். மொழியியலாளர் உ. பா. உபாத்தியாயா 1970களில் டக்காரில் பணியாற்றித் திராவிட, ஆப்பிரிக்க மொழிகளை ஒப்பிட்டார். தமிழறிஞர் க. ப. அறவாணனும் டக்காரில் ஆய்வு மேற்கொண்டு, திராவிடரும் ஆப்பிரிக்கரும் குறித்து நூல்கள் எழுதினார். பின்னாளில் அவர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார்.

இவ்வாய்வுகள் சுட்டிய ஒட்டுநிலை அமைப்பு போன்ற ஒற்றுமைகள் உலகின் தொடர்பற்ற பல மொழிகளிலும் காணப்படுகின்றன. வொலோஃப், செரெர், ஃபுலா ஆகியவை நைசர்-கொங்கோ மொழிக்குடும்பத்தின் அத்திலாந்திக் கிளையில் சேர்க்கப்பட்டுள்ளன. திராவிட மொழிகளுடன் அவற்றுக்குப் பிறப்புவழி உறவு உண்டு என்பதை மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. எனினும் ஐரோப்பாவின் வழியாக அல்லாமல் ஆப்பிரிக்காவும் தென்னிந்தியாவும் ஒன்றையொன்று நேரடியாகக் கற்கும் வாய்ப்பை இம்முயற்சி ஏற்படுத்தியது.

இறுதிக்காலம்

செங்கோர் 1983இல் பிரெஞ்சு அக்காதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வவையில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்கர் இவராவார். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள வெர்சோன் என்னும் ஊரில், 2001ஆம் ஆண்டு தமது 95ஆம் அகவையில் காலமானார்.