வேதியியலுக்கு மாணாக்கரை ஈர்த்த வங்கப் பேராசான்

கல்லூரியில் புதிய பாடம் ஒன்றனைத் தொடங்குதல் எளிது. ஆட்சிக் குழுவின் ஒப்புதலும் பல்கலைக்கழகத்தின் இசைவும் பெற்றுவிட்டால் பாடம் தொடங்கிவிடும். ஆனால், முதல் நாள் வகுப்பில் வந்தமரும் மாணாக்கனின் கண்களில் ஒரு வினா நிற்குமே, இதனைப் படித்தால் எமக்கு என்ன வேலை கிட்டும் என்று, அதற்கு எந்த அலுவலக ஆணையாலும் விடை கூற இயலாது. விடை கூற வேண்டியவர் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியரே. அவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்த ஒருவரை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம். அவர் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய்.

இன்று வங்கதேசத்தில் உள்ள குல்னாப் பகுதியின் ராருளி என்னும் சிற்றூரில் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். பாரசீக மொழிப் புலமையும் நூல்களின்பால் பெருவிருப்பும் உடையவர். மகனின் கல்வியைக் கருதிக் குடும்பம் 1870-இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு ஹேர் பள்ளியில் பயின்று வந்த சிறுவனை 1874-இல் கடும் வயிற்றுக்கடுப்பு நோய் பற்றியது. பள்ளிப் படிப்புத் தடைப்பட்டது. உடல்நலம் அதன்பின் என்றுமே முழுமையாக மீளவில்லை. எனினும் தந்தையாரின் நூலகம் அவருக்குத் துணையாயிற்று. பாடத்திட்டம் என்னும் வேலியின்றிக் கண்ட நூல்களையெல்லாம் கற்ற அந்த ஈராண்டுகளே அவரைப் பிற்காலப் பேராசிரியராக்கின என்பது எம் கருத்து.

அடுத்து அவர் சேர்ந்தது வித்யாசாகரின் மெட்ரோபாலிடன் கல்லூரி. அங்கே அறிவியல் ஆய்வுக்கூடம் இல்லாமையால், புற மாணாக்கராக மாநிலக் கல்லூரிக்குச் சென்று அலெக்சாண்டர் பெட்லர் நிகழ்த்திய வேதியியல் வகுப்புகளைக் கேட்டார். பெட்லர் கைதேர்ந்த செய்முறையாளர். இலக்கியத்தில் தோய்ந்திருந்த இளைஞரின் மனம் வேதியியலின்பால் சாய்ந்தது. நண்பர் ஒருவருடன் சேர்ந்து தங்குமிடத்திலேயே சிறிய ஆய்வுக்கூடம் அமைத்தார். ஊர்க் கொல்லரிடம் தகரத்தில் செய்வித்த ஊதுகுழல் ஒன்றில் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கலந்து எரிக்க முற்பட்டபோது அது வெடித்துச் சிதறியது. இருவரும் காயமின்றித் தப்பியது இறையருள் என்றே கூறவேண்டும்! செய்முறை வகுப்பு ஒன்று மாணாக்கனை எவ்வளவு தொலைவுக்கு இழுத்துச் செல்லும் என்பதைத் தம் மேனியிலேயே சோதித்துக் கொண்டவர் அவர்.

1882-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்றார். கிரம் பிரவுன் என்னும் பேராசிரியரிடம் பயின்று 1887-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்று, 1888-இல் தாயகம் திரும்பினார். இத்தகைய தகுதியுடன் வந்தவருக்கு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வேலை இல்லை. கல்வித் துறையின் உயர்நிலைப் பணிகள் ஆங்கிலேயர்க்கே உரியனவாய் இருந்தன. ஜகதீஷ் சந்திர போஸ் இல்லத்தில் தங்கியிருந்து காத்திருந்தார். 1889-இல் மாநிலக் கல்லூரியில் திங்கள் ஒன்றுக்கு 250 ரூபாய் ஊதியத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது.

அந்நாளில் வேதியியல் கல்லூரியில் இருந்தது. ஆயின் மாணாக்கர் நெஞ்சில் இல்லை. சட்டம் படித்து வழக்கறிஞராதல், அன்றேல் அரசு அலுவலகத்தில் எழுத்தராதல் என்னும் இரண்டே வழிகளை வங்க இளைஞர் அறிந்திருந்தனர். இந்நிலையில் புதிய ஆசிரியர் செய்தது யாது? முதலில், தம்மை மாணாக்கராக்கிக் கொண்டார். எடின்பரோவின் முனைவர், கல்லூரியின் செய்முறை விளக்குநரான சந்திர பூஷண் பாதுரியிடம் நுணுக்கங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வகுப்பில் காட்டவிருக்கும் ஒவ்வொரு சோதனையையும் முன்கூட்டியே செய்து பார்த்துக் கொள்வார். மாணாக்கர் முன்னிலையில் ஒரு சோதனை பிழைத்துப் போனால், அன்று பிழைப்பது சோதனை மட்டுமன்று, பாடத்தின்மீது அவர்கள் கொண்ட நம்பிக்கையும்தான் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பட்டங்களின் நீளத்தைப் பெயருக்குப் பின்னால் சுமந்து திரியும் எம் போன்றோர் இவ்விடத்தில் சற்று நின்று செல்லுதல் நலம்.

எலும்பைப் பற்றிய பாடம் இன்றும் பேசப்படுவது. எரித்துச் சாம்பலாக்கிய விலங்கின் எலும்பை வகுப்புக்குக் கொணர்ந்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயிலிட்டு மெல்லுவார். மாணாக்கர் திகைப்பர். இது இப்போது எலும்பன்று, கால்சியம் பாஸ்பேட் என்னும் உப்பே. நெருப்பில் விலங்குத் தன்மை முற்றும் நீங்கிற்று என்று விளக்குவார். ஆசாரம் மிகுந்த குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அக்கணத்தில் கற்றது ஒரு வாய்பாட்டினை மட்டும் அன்று.

முதுநிலை வகுப்புகளைப் பேராசிரியர்கள் விரும்பி எடுத்துக்கொள்வதும், இளநிலை வகுப்புகளைப் புதியவர் தலையில் கட்டுவதும் கல்லூரிகளின் நெடுநாள் வழக்கம். ராய் அவர்கள் இதற்கு மாறானவர். பள்ளியிலிருந்து நேரே வரும் பிள்ளைகளின் வகுப்பையே நாடினார். ஈரம் காயாத களிமண்ணைத்தான் வனைய முடியும் என்பது அவர் கொள்கை. வாயுக்களின் பெயரைக் கூறுவதோடு அமையாமல், பிரீஸ்ட்லி, லவோசியர், ஷீலே முதலியோர் அவற்றைக் கண்டறிந்த வரலாற்றையும் கதைபோல் எடுத்துரைப்பார். தாய்மொழியில் அறிவியலைக் கூறுவதற்கு அவர் நாணியதில்லை. 1893-இல் எளிய விலங்கியல் நூல் ஒன்றனை வங்க மொழியில் எழுதினார். தமிழ்த் துறையைச் சார்ந்த எமக்கு இது தனி மகிழ்ச்சி தருகின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வேலை எங்கே என்னும் வினாவை அவர் சொற்பொழிவால் கடக்க முயலவில்லை. 1892-இல் ஏறத்தாழ 700 ரூபாய் முதலில், மேல் சர்க்குலர் சாலையில் தாம் குடியிருந்த 91-ஆம் எண் வாடகை வீட்டிலேயே மருந்துகள் செய்யத் தொடங்கினார். அதுவே வங்க வேதியியல் மருந்தாலை. பாஸ்பேட் உப்புக்காக இறைச்சிக் கடைகளிலிருந்து எலும்புகளைத் தருவித்து மாடியில் காயவைத்தார். மழை பெய்ய, அவை நாறத் தொடங்கின. காக்கைகள் எலும்புகளைத் தூக்கி அண்டை வீடுகளில் போட்டன. அக்கம்பக்கத்தார் கொதித்தெழுந்தனர்! எலும்புக் குவியலை நகரின் புறத்தே கொண்டு சென்று இரவில் கொளுத்தியபோது, கொலையுண்ட பிணம் எரிகின்றதோ என ஐயுற்றுக் காவலர் வந்து நின்றார். நகைப்புக்குரிய இந்நிகழ்ச்சிகளோடு துயரமும் கலந்திருந்தது. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றுத் தொழிலில் உடன் சேர்ந்த இளைஞர் ஒருவர் பிரசிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சினால் விபத்தில் உயிர்நீத்தார். தோழரும் பங்காளியுமான மருத்துவர் அமுல்ய சரண் போஸ் 1898-இல் கொள்ளைநோய்க்கு இரையானார். இளைஞரைப் புதுவழியில் அழைத்துச் செல்பவன் அவ்வழியின் முட்களுக்கும் பொறுப்பேற்க நேரும். அவர் துவளவில்லை, ஆயின் அத்துயரை மறக்கவும் இல்லை. 1901-இல் அத்தொழில் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. வேதியியல் கற்றவர்க்கு நம் நாட்டிலேயே வேலை உண்டு என்பதற்கு அதன் வாயிற்கதவே சான்றாயிற்று.

மெர்க்குரஸ் நைட்ரைட் பற்றிய அவருடைய ஆய்வு 1896-இல் வெளிவந்தது. இந்திய வேதியியல் வரலாற்று நூலின் முதற்பகுதி 1902-இல் வந்தது. இவற்றை விரித்தெழுதப் பிறர் உளர். எமக்கு வியப்பூட்டுவது அவரைச் சூழ்ந்த மாணாக்கர் கூட்டமே. நீல்ரதன் தர், ஞான் சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி என வேதியியலில் புகழ்பெற்றோர் ஒருபுறம். அவரிடம் வேதியியல் கேட்டுப் பின் இயற்பியலில் உலகப் புகழ் எய்திய சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா இருவரும் மறுபுறம். மாலை வேளைகளில் மைதானத்தில் மாணாக்கருடன் அமர்ந்து உரையாடுவார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு அவர்களே மக்கள்.

1916-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்றுப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். அக்கல்லூரி அன்று நேற்று எழுந்தது போன்ற புதுமை உடையது. அறப்பொருள் கொண்டே இயங்கியது, கருவிகளோ குறைவு. அடுத்த ஆண்டில் நம் சர் சி. வி. இராமன் அங்கே இயற்பியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். ராய் அவர்கள் கல்லூரியின் மாடியறை ஒன்றிலேயே குடிபுகுந்தார். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் வீடு சென்றுவிடுவார் என்னும் நிலையே அங்கில்லை. 1921-இல் அறுபது வயது நிறைந்தபின் பெற்ற ஊதியம் முழுவதையும் வேதியியல் வளர்ச்சிக்கெனப் பல்கலைக்கழகத்திற்கே விட்டுக்கொடுத்தார். 1922-இல் வேதியியல் ஆய்வுக்கு நாகார்ச்சுனர் பெயரால் பரிசு வழங்கப் பத்தாயிரம் ரூபாய் அளித்தார். அதே ஆண்டு வட வங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது அறிவியல் கல்லூரியே துயர்துடைப்பு நிலையமாயிற்று. ஆய்வுக்கூடத்து மாணாக்கர் துணிமூட்டைகளைக் கட்டினர். 1924-இல் இந்திய வேதியியல் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார்.

1936-இல் பணியிலிருந்து நீங்கிய பின்னும் அம்மாடியறையை விட்டு அவர் அகலவில்லை. எளிய கட்டில், நூல்கள், வந்துபோகும் மாணாக்கர், இவையே அவர் உடைமை. 1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், ஆய்வுக்கூடங்கள் நிறைந்த அக்கட்டடத்திலேயே, தம் எண்பத்திரண்டாம் வயதில் கண்மூடினார்.